பல்லுக்கு கேப்: வேர் சிகிச்சைக்குப் பிறகு நடப்பதும் இடையில் தவறுவதும்

வேர் சிகிச்சை (ரூட் கேனால்) முடிந்து வலி நின்றதும் பலர் கேப், அதாவது பல்லை மூடும் உறை, போட வருவதில்லை. “வலிதான் போயிருச்சுல்ல, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவார்கள். ஆடி போய் ஆவணி வரும், முகூர்த்தச் செலவு வரும், பள்ளிக்கூட ஃபீஸ் வரும். அப்புறம் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலும்புக் குழம்பிலோ கெட்டியான சீடையிலோ வாய் வைக்கும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம். கடைவாய்ப் பல் நெடுகப் பிளந்திருக்கும். உடைசல் ஈறுக்கு மேலேயே நின்றிருந்தால் பல் பிழைக்கும். பிளவு வேருக்குள் இறங்கியிருந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் அதோடு போச்சு.

வேர் சிகிச்சை செய்த பல் உயிரில்லாமல் காய்ந்துபோவதால்தான் உடைகிறது என்று ஒரு விளக்கம் பரவலாக உண்டு. ஈரப்பதத்தில் வித்தியாசம் இருந்தாலும் அது மிகச் சிறியது. பல் பலமிழப்பது அதன் சுவர்கள் போவதால். சொத்தை தின்றது பாதி, அதைச் சுரண்டி எடுத்தது கொஞ்சம், நரம்பை அடைய மேலே துளை போட்டது கொஞ்சம் என்று நாலு பக்கமும் மெலிந்துவிடுகிறது. 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தனித்தனியாகப் பிரித்து அளந்தது. நல்ல பல்லில் வேர் சிகிச்சைக்கான துளையை மட்டும் போட்டபோது பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. பக்கத்துப் பற்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் முன், பின் விளிம்புகளையும் சேர்த்து வெட்டியபோது 63 சதவீதம் குறைந்தது. கன்னப் பக்கச் சுவரையும் நாக்குப் பக்கச் சுவரையும் இழுத்துப் பிடித்திருப்பவை அந்த இரண்டு விளிம்புகள்தான். பல்லிடுக்கில் விழும் சொத்தை முதலில் தின்பதும் அவற்றைத்தான்.

கடைவாயில் இறுகக் கடிக்கும்போது 50 முதல் 70 கிலோ எடைக்கு நிகரான விசை இறங்குகிறது. விளிம்பு போன பல்லில் அந்த விசை இரண்டு சுவர்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். உள்ளே அடைத்திருக்கும் ஃபில்லிங் குழியை நிரப்புமே தவிர, சுவர் விரியாமல் பிடிக்கும் வேலையை முழுதாகச் செய்யாது. உலக்கையின் முனையில் பூண் அடிப்பது மரம் பிளக்காமல் இருக்கத்தானே, கேப் செய்வதும் அதையேதான். வெளியிலிருந்து சுற்றிப் பிடிக்கிறது. வேர் சிகிச்சைக்குப் பிறகு கேப் போடாத பற்கள், கேப் போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக 2002இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 

பூண் பிடிக்க மரம் வேண்டும். கிளினிக்கில் உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது “ஜிர்கோனியா போடவா, செராமிக் போடவா?” என்பதை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: ஈறுக்கு மேலே நல்ல பல் எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சியிருக்கிறது?

அந்த 2 மில்லிமீட்டர்

சொத்தையையும் பழைய ஃபில்லிங்கையும் எடுத்துவிட்டுப் பார்க்கும்போது, கேப்பின் விளிம்பு உட்காரும் இடத்துக்கு மேலே சுற்றிலும் குறைந்தது 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்குச் சொந்தப் பல் நிற்க வேண்டும். சுவரின் தடிமன் 1 மி.மீ.யாவது இருக்க வேண்டும். கேப்பின் உள்சுவர் அந்தப் பட்டையைத்தான் கட்டிப் பிடிக்கிறது. அது இல்லாமல், உள்ளே நட்ட ஆணியையும் அதன் மேல் கட்டிய ஃபில்லிங்கையும் மட்டும் நம்பிப் போட்ட கேப், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், ஆணியோடு சேர்ந்து கழன்று வரும். இல்லையென்றால் ஆணி ஆப்புப் போல நின்று வேரைப் பிளக்கும்.

ஆணி என்று மக்கள் சொல்வது போஸ்ட். இப்போது பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆன ஃபைபர் போஸ்ட். வேருக்குள் ஏற்கெனவே அடைத்திருக்கும் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, நுனியில் 4 முதல் 5 மி.மீ. விட்டுவைத்து, மேலே கிடைக்கும் இடத்தில் போஸ்டை ஒட்டுவார்கள். ‘போஸ்ட் போட்டால் வேர் பலமாகிவிடும்’ என்பது தவறான நம்பிக்கை. போஸ்ட், மேலே கட்டும் ஃபில்லிங் பிடித்து நிற்க உதவும், அவ்வளவுதான். அதற்காக வேருக்குள் கூடுதலாகக் குடைந்தால் வேர் மெலியும். கடைவாய்ப் பல்லில் நரம்பறையே பெரிதாக இருப்பதால் பெரும்பாலும் போஸ்ட் தேவைப்படுவதே இல்லை.

உயரம் போதாத பல்லுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஈறையும் தேவைப்பட்டால் அதன் கீழுள்ள எலும்பையும் கொஞ்சம் இறக்கி, பல்லை வெளியே காட்டும் சிறு அறுவை சிகிச்சை. கேப்பின் விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இருந்தால்தான் ஈறு அமைதியாக இருக்கும் என்பதால் இந்தக் கணக்கு. ஆறிய பின்தான் அளவு எடுக்க முடியும்: கடைவாயில் 6 முதல் 8 வாரம், சிரித்தால் தெரியும் முன்பல்லில் அதைவிடவும் அதிகம். மற்றொன்று, கம்பி போட்டுப் பல்லை மெதுவாக மேலே இழுப்பது. இரண்டுக்கும் வேர் நீளமாக இருக்க வேண்டும். வேர் குட்டை, எலும்பு ஏற்கெனவே இறங்கியிருக்கிறது, பல் ஆடுகிறது என்றால் அந்தப் பல்லில் கேப்புக்குச் செலவு செய்ய வேண்டாம். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு ஈறு வழியாக எலும்பு இறங்குவது அதிகம். அவர்களுக்கு முதலில் ஈறைச் சரிசெய்துவிட்டுத்தான் கேப் பற்றிப் பேச வேண்டும்.

எதற்குத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளிம்புகள் இரண்டும் முழுசாக இருக்கும் முன்பல்லில், பின்பக்கம் சின்னத் துளை மட்டும் போட்டு வேர் சிகிச்சை செய்திருந்தால், பல் நிறக் கம்போசிட் ஃபில்லிங்கே போதும். அதை ராவிக் கேப் போட்டால் நல்ல பல்தான் வீணாகும். கடைவாயிலும் ஒரு பக்கச் சுவர் மட்டும் போயிருந்தால் முழுக் கேப்புக்குப் பதிலாக, மேட்டை மட்டும் மூடும் ஆன்லே போடலாம். செய்வதற்குக் கொஞ்சம் நுணுக்கம் வேண்டும் என்பதால் இதை எல்லா இடத்திலும் சொல்வதில்லை.

மதுரை வட்டாரத்துப் பற்கள்

மதுரைக்கு வடமேற்கே நிலக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்கள் சிலவற்றில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காதபோது 1.5வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதற்கு மேல் உள்ள நீரை, எனாமல் உருவாகும் வயதில், அதாவது சுமார் 8 வயதுக்குள், குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையும் குழியும் விழும். கல்யாணம் பேசும் நேரத்தில் “முன்பல் ஆறுக்கும் கேப் போட்டுருங்க” என்று வருகிறார்கள். கறை மேலோட்டமாக இருந்தால் அமிலமும் நுண்துகளும் வைத்துத் தேய்த்து எடுக்கலாம், வெளுக்க வைக்கலாம், முன்பக்கம் மட்டும் வெனீர் என்ற மெல்லிய தகட்டை ஒட்டலாம். எனாமலே பொடிந்து உதிரும் பல்லுக்குத்தான் கேப். இருபது வயதில் நரம்பறை அகலமாக இருக்கும். நாலு பக்கமும் ராவினால் கூச்சத்தில் தொடங்கி வேர் சிகிச்சையில் போய் முடிய வாய்ப்பு உண்டு.

இன்னொரு பக்கம் வெற்றிலை பாக்கு. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலையால் பல்லுக்குப் பெரிய கேடில்லை, கூடப் போகும் கொட்டைப்பாக்குதான் பல்லைத் தேய்க்கிறது. பல வருடம் பாக்கு மென்றவர்களின் கடைவாய்ப் பற்கள் மேடு பள்ளமில்லாமல் தட்டையாகியிருக்கும். கேப் பிடித்து நிற்கக் கடைவாய்ப் பல்லில் சுமார் 4 மி.மீ. உயரம் வேண்டும், தேய்ந்த பல்லில் அது கிடைக்காது. பாக்கால் வாய் இறுகி, மூன்று விரல் நுழையாத அளவுக்குத் திறப்பு குறைந்தவர்களுக்குக் கடைசிப் பல்லில் கருவியை நுழைப்பதே பாடு. பாக்கை விடாமல் கேப் போட்டால், பீங்கான் ஏற்றிய கேப் சில்லுச் சில்லாய்ப் போகும்.

ராவுவதில் தொடங்கி ஒட்டுவதுவரை

முதலில் நிறம் பார்க்க வேண்டும், ராவிய பிறகு அல்ல. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து வெளிறிவிடும், அப்போது பார்க்கும் நிறம் பொய். 16 நிறங்கள் கொண்ட வீட்டா அட்டையை வைத்து, பகல் வெளிச்சத்தில், லிப்ஸ்டிக் இருந்தால் துடைத்துவிட்டுப் பார்ப்பது வழக்கம். மாலை ஏழு மணிக்கு மஞ்சள் விளக்கின் கீழே முன்பல்லுக்கு நிறம் தேர்ந்தெடுத்தால், மறுநாள் வெயிலில் அது தனியாகத் தெரியும்.

அடுத்து ராவுதல். வேர் சிகிச்சை செய்த பல்லிலும் ஈறு வலிக்கும் என்பதால் மரத்துப்போக ஊசி போடுவார்கள். எவ்வளவு ராவுவது என்பது கேப்பின் பொருளைப் பொறுத்தது. உலோகத்தின் மேல் செராமிக் ஏற்றிய கேப்புக்கு மேற்பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ., வெளிப்பக்கம் 1.2 முதல் 1.5 மி.மீ. போக வேண்டும். முழு ஜிர்கோனியாவுக்கு மேலே 1 முதல் 1.5, பக்கங்களில் 1 மி.மீ. அளவு. வெறும் உலோகத்துக்கு இன்னும் குறைவு. இதைவிடக் குறைவாக ராவினால் இரண்டில் ஒன்று நடக்கும்: கேப் மெல்லியதாகி உடையும், அல்லது கேப் செய்யும் லேப் டெக்னீஷியன் தடிமனை வெளிப்பக்கம் ஏற்றி, பல் வீங்கினாற்போல் ஆக்குவார். பக்கச் சுவர்கள் மேல்நோக்கிக் கொஞ்சம் சரிய வேண்டும். சரிவு கூடிக் கூம்பாகிவிட்டால் எந்தச் சிமெண்டும் நெடுநாள் பிடிக்காது. அடிக்கடி கழன்று விழும் கேப்களில் சிமெண்டைக் குறை சொல்வார்கள், பெரும்பாலும் குற்றவாளி இந்தச் சரிவுதான்.

உயிருள்ள, அதாவது நரம்பு எடுக்காத, பல்லை ராவும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். நரம்பறையின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் கூடினாலே சில பற்களில் நரம்பு மீளாமல் செத்துப்போவது 1965இல் குரங்குகளை வைத்துச் செய்த சோதனையில் தெரிந்தது. ‘நல்லாத்தான் இருந்துச்சு, கேப் போட்டு ஆறு மாசத்துல வலி வந்துருச்சு’ என்பதன் பின்னால் பல நேரம் இந்தச் சூடு இருக்கும்.

பிறகு அளவு எடுப்பது. கேப்பின் ஆயுள் பெரிதும் தீர்மானமாகும் இடம் இது. விளிம்பு ஈறை ஒட்டியோ கொஞ்சம் உள்ளேயோ இருக்கும். ஈறை விலக்கிக் காட்ட, மருந்தில் நனைத்த மெல்லிய நூலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே சில நிமிடம் செருகி வைப்பார்கள். ரத்தமோ எச்சிலோ இருந்தால் அந்த இடத்தில் அளவு மங்கிவிடும். கிண்ணத்தில் பொடியைத் தண்ணீரில் கரைத்து எடுக்கும் ஆல்ஜினேட் அளவு, எதிர்த் தாடைக்குப் போதும், கேப் போடும் பல்லுக்குப் போதாது. அது நீர் வற்றிச் சுருங்கும். சித்திரை வெயிலில் பத்து நிமிடம் மேசையில் கிடந்தாலே அளவு மாறும். கேப்புக்கு இரண்டு பதத்தில் வரும் அடிஷன் சிலிக்கோன் எடுக்க வேண்டும்: பிசையும் மாவு போன்றது ஒன்று, விளிம்புக்குள் ஓடும் இளகலானது ஒன்று. அந்த மாவை லேடக்ஸ் கையுறையோடு பிசைந்தால், ரப்பரில் உள்ள கந்தகம் பட்டு அது இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிளினிக்குகளிலிருந்து அளவு மதுரை லேபுக்கோ அதையும் தாண்டியோ போய்ச் சேர்வதற்குள் ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும். சிலிக்கோன் அத்தனை நாளும் மாறாமல் இருக்கும், ஆல்ஜினேட் இருக்காது. வாய்க்குள் கேமரா விட்டு ஸ்கேன் செய்யும் முறையில் இந்தப் பயணமே இல்லை. ஆனால் விளிம்பு ரத்தத்தில் மறைந்திருந்தால் ஸ்கேனருக்கும் தெரியாது.

லேபிலிருந்து வரும்வரை தற்காலிகக் கேப். இதைத் தவிர்ப்பவர்கள் நிறைய. வெறுமனே விட்டால், ராவிய பல்லை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும். மில்லிமீட்டரில் ஒரு பங்குதான் நகரும். ஆனாலும் வந்த கேப் உட்காராது. அப்போது கேப்பையே ராவி உட்கார வைப்பார்கள், மேற்பரப்பின் பளபளப்பு போகும்.

லேபில் நடப்பதும் தெரிந்திருப்பது நல்லது. ஜிர்கோனியாவை, சுண்ணக்கட்டி பதத்தில் இருக்கும் வட்டிலிலிருந்து, வேண்டிய அளவைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாக மெஷினில் கடைந்தெடுக்கிறார்கள். பிறகு 1,450 முதல் 1,550 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் சுட, அது சரியான அளவுக்குச் சுருங்கி இறுகும். அவசரத்துக்கு நேரத்தைக் குறைத்துச் சுட்டால், பொருளும் உலையும் அதற்கென வடிவமைக்கப்பட்டிருந்தால் ஒழிய, நிறமும் பலமும் கெடும். ஆகவே “நாளைக்கே வேணும்” என்று நெருக்குவதில் லாபமில்லை.

வந்த கேப்பை ஒட்டுவதற்கு முன் போட்டுப் பார்க்கும் ஐந்து நிமிடத்தை யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பார்ப்பது மூன்று இடம். பக்கத்துப் பல்லோடு தொடும் இடத்தில் ஃபிளாஸ் நூல் ‘சட்’டென்று ஒரு தடையோடு நுழைய வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அங்கே கறி நார் சிக்கும், நாள் முழுக்கக் குச்சி தேட வேண்டியிருக்கும். விளிம்பில் கூரான கருவியை ஓட்டினால் படியோ இடைவெளியோ தட்டக் கூடாது. 120 மைக்ரான், அதாவது 0.12 மி.மீ.வரை இடைவெளியை ஏற்கலாம் என்பது 1971இலிருந்து புழங்கும் அளவுகோல். அதற்கு மேல் போனால் சிமெண்ட் கரைந்து சொத்தை புகும். மூன்றாவது கடி. நிறத்தாளைக் கடிக்க வைத்து, புள்ளி விழும் இடத்தைச் சரிசெய்வார்கள். 20 மைக்ரான் உயர்வைக்கூடப் பல் உணரும். நரம்பு எடுத்த பல்லும் உணரும், ஏனென்றால் அந்த உணர்வு வேரைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கிறது. மரத்துப்போன வாயில் மட்டும் இது எடுபடாது. அதனால் ஊசி போட்ட அன்றே கடி பார்த்து அனுப்பினால், இரண்டு நாள் கழித்து ஒரு முறை வரச் சொல்வது முறை. உயரமான கேப் ‘பழகிரும்’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதல்ல. பழகுவதற்குள் எதிர்ப்பல் வலிக்கும், வேரைச் சுற்றி வீங்கும்.

ஒட்ட இங்கே அதிகம் பயன்படுவது கிளாஸ் அயனோமர் சிமெண்ட். ஈரம் பட்டால் கெடும், சூட்டில் சீக்கிரம் இறுகும். ஏசி இல்லாத அறையில், மே மாத மதியத்தில், கலக்கி முடிப்பதற்குள்ளேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். கெட்டியான சிமெண்டோடு அழுத்தினால் கேப் முழுதாக இறங்காமல் நின்று, கடி உயர்ந்து, விளிம்பும் திறந்துவிடும். கலக்கும் கண்ணாடிப் பலகையைக் குளிர வைத்துத் துடைத்துப் பயன்படுத்துவது இதற்காகத்தான். உயரம் குறைந்த பல்லுக்கு ரெசின் சிமெண்ட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தற்காலிகமாக ஒட்டும்போது கிராம்பு எண்ணெய் கலந்த சிமெண்டைப் போட்டிருந்து, அதைச் சுத்தமாக எடுக்காவிட்டால், ரெசின் சரியாக இறுகாது. ஒட்டிய பின் ஈறுக்குள் மிஞ்சிய சிமெண்ட் துணுக்கை நூல் விட்டு எடுக்க வேண்டும். விட்டால் அங்கே ஈறு எப்போதும் சிவந்து ரத்தம் கசியும். அன்று முழுக்க அந்தப் பக்கம் கடினமாக எதையும் மெல்ல வேண்டாம்.

எந்தக் கேப்

வெள்ளி நிற உலோகக் கேப்பைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். வெளியே தெரியாத கடைசிப் பல்லுக்கு, குறைவாக ராவ வேண்டிய, உடையவே உடையாத, விலையும் குறைந்த கேப் அதுதான். பெரும்பாலும் நிக்கல் குரோமியம் கலவை. கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகிறவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். அவர்கள் அதை முன்கூட்டியே சொல்லி, நிக்கல் இல்லாத கோபால்ட் குரோமியமோ ஜிர்கோனியாவோ கேட்டு வாங்க வேண்டும்.

‘செராமிக் கேப்’ என்று இங்கே சொல்லி விற்பது பெரும்பாலும் உள்ளே உலோகம், மேலே பீங்கான் ஏற்றியது. பல ஆண்டு புழங்கிய நம்பகமான கேப். அதன் குறைகள் இரண்டு. ஈறு இறங்கும்போது விளிம்பில் கறுப்புக் கோடு தெரியும். மேல் பீங்கான் சில்லாகத் தெறிக்கும். பொங்கலுக்குக் கரும்பை முன்பல்லால் உரித்துக் கடிப்பதும், சோடா மூடியைப் பல்லால் திறப்பதும் இந்தச் சில்லுக்கு நேரான வழி. 

ஜிர்கோனியாவில் இரண்டு ரகம் என்பதைச் சொல்லாமல் விற்கிறார்கள். பலமான பழைய ரகம் உடையாமல் வளைவைத் தாங்கும் திறன் சுமார் 900 முதல் 1,200 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). பார்வைக்குச் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும், கடைவாய்க்குச் சரி. ஒளி ஊடுருவும் புது ரகம் அழகு, ஆனால் பலம் 500 முதல் 800தான். அது முன்பக்கத்துக்கு. லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி வகைச் செராமிக்கில் பலம் சுமார் 400 மெகாபாஸ்கல்தான், ஆனால் அசல் எனாமல் போல ஒளி விடும், ரெசினில் நன்றாக ஒட்டும். முன்பல்லுக்கும் முன்கடைவாய்ப் பல்லுக்கும் ஏற்றது. இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு எந்தக் கேப் போட்டாலும் தூங்கும்போது பல்லில் மாட்டும் இரவுக் காப்பு ஒன்றும் வேண்டும். ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் என்ற பயம், நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியாவுக்குப் பொருந்தாது. கடி சரிசெய்யச் சொரசொரப்பாக ராவிவிட்டு மெருகேற்றாமல் விட்டதற்குத்தான் பொருந்தும்.

பத்து வருடம், பதினைந்து வருடம் என்று அட்டை தருகிறார்களே, அந்த உத்தரவாதம் பொதுவாகக் கேப் உடைந்தால் மாற்றித் தருவதற்கு. உள்ளே சொத்தை வந்தாலோ வேர் பிளந்தாலோ அந்த அட்டைக்கு வேலையில்லை. கேப்கள் தோற்பதோ பெரும்பாலும் அந்த வழியில்தான். அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதில் ஒரு பயன் உண்டு: எந்தப் பொருள், எந்த லேப் என்று பின்னால் வேறு மருத்துவரிடம் போகும்போது தெரியும்.

செலவைப் பொறுத்தவரை உலோகம், பீங்கான் ஏற்றிய உலோகம், ஜிர்கோனியா என்ற வரிசையில் ஏறும். பில்லில் வேர் சிகிச்சை, ஃபில்லிங் கட்டுவது, போஸ்ட், கேப் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ‘ஆர்.சி.டி. வித் கேப்’ (கேப்போடு வேர் சிகிச்சை) என்று மொத்தமாகப் பேசும் இடத்தில் எந்தக் கேப் என்பது பல நேரம் கடைசியில்தான் தெரியவரும். கை நெருக்கமாக இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிகள் ஒரு வழி. மதுரைக் கிழக்கு வெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். செலவு குறையும், அலைச்சல் கூடும். ஒவ்வொரு படியையும் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதால், அவசரம் இல்லாதவர்களுக்கு அது நல்ல இடம்தான்.

திருவிழாக் கூட்டத்திலும் பேருந்து நிலையத்து ஓரத்திலும் ‘உடனடிப் பல்’ கட்டுகிறவர்களிடம் மட்டும் போக வேண்டாம். அழுகிய வேரை உள்ளேயே விட்டு, மேலே அக்ரிலிக் மாவைப் பிசைந்து, இரண்டு பக்கத்து நல்ல பற்களோடும் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். மூன்று பல்லும் சேர்ந்து ஆடத் தொடங்கும்போதுதான் விஷயம் தெரியும். பல் மருத்துவம் செய்ய, சட்டப்படி பதிவு வேண்டும். கிளினிக் சுவரில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது மரியாதைக் குறைவல்ல.

போட்ட பிறகு

கேப்பில் சொத்தை வராது, அதன் அடியில் உள்ள பல்லில் வரும். வரும் இடம் விளிம்பு. நரம்பு எடுத்த பல் என்றால் வலியே இருக்காது, கேப்புக்குள் மொத்தமும் மாவாகி ஒரு நாள் கேப் கையோடு வரும். பிரஷ்ஷை ஈறும் கேப்பும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்துத் தேய்க்க வேண்டும். பல்லிடுக்கில் நூலோ குட்டி பிரஷ்ஷோ தினம் ஒரு முறை போக வேண்டும். வாயில் துர்நாற்றம், அந்த ஒரு பல்லருகே மட்டும் ரத்தம், இனிப்புக்கோ ஜிகர்தண்டாவின் குளிருக்கோ திடீர்க் கூச்சம், மெல்லும்போது உப்புக் கரிப்பான கசிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உலோகமும் ஜிர்கோனியாவும் எக்ஸ்ரேயில் வெள்ளையாக மறைத்துவிடும். அதனால் கேப்புக்கு உள்ளே இருப்பது தெரியாது, விளிம்பு மட்டும்தான் தெரியும்.

குழந்தைகளின் கடைவாய்ப் பால் பல்லுக்கு ஸ்டீல் கேப் சொன்னால், “விழப்போற பல்லுதானே” என்பார்கள். இரண்டாம் பால் கடைவாய்ப் பல் விழ 10 முதல் 12 வயதாகும். ஐந்து வயதில் சொத்தையான பல் இன்னும் ஐந்தாறு வருடம் மெல்லவும், நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கவும் வேண்டும்.

கேப் கழன்று விழுந்தால் முதலில் அதற்குள் எட்டிப் பாருங்கள். வெறும் சிமெண்ட் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சுத்தம் செய்து மறுபடி ஒட்டிவிடலாம். பழுப்பான பல் துண்டு உள்ளே நின்றால் பல் உடைந்திருக்கிறது, அதே கேப் இனி உதவாது. ஃபெவிக்விக் மாதிரிப் பசையால் வீட்டிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டாம். அது திசுவைப் பொசுக்கும், கேப்பும் கோணலாக உட்காரும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். கழன்றதை டிஷ்யூவில் சுற்றினால் குப்பைக்குப் போய்விடும். சின்ன டப்பாவில் போட்டு, அந்தப் பக்கம் மெல்லாமல், ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்துக்கொண்டு போங்கள்.